பாசலில் வேலை கிடைத்தவர்களுக்கு: முதல் மூன்று மாதம் கவனம்

லோராக்கிலிருந்து சுவிஸ் நகரமான பாசலுக்கு ரயிலில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. லோராக் என்ற இந்த ஜேர்மன் எல்லை நகரத்தில் ஒரு வரி ஆலோசனை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சுவிசுக்கு வேலைக்குப் போகும் ஜேர்மன் இளையவர்கள் வாராவாரம் வருவார்கள்: ரோஷ், நோவார்ட்டிஸ் போன்ற மருந்து நிறுவனங்களுக்குப் போகும் வேதியியலாளர், மருத்துவமனைத் தாதி, தொழிற்பயிற்சி முடித்த கையோடு மின்னியலாளர். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் உண்டு.

எல்லோரும் பிராங் சம்பளத்தை யூரோவாக்கிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒப்பந்தத்தில் 'வாரம் 42 மணி வேலை' என்று எழுதியிருப்பதைச் சிலர் என் மேசையில்தான் முதலில் வாசிக்கிறார்கள்.

வீட்டை ஜேர்மனியில் வைத்துக்கொண்டு தினமும் போய்வருபவரை இங்கே 'கிரென்ஸ்கெங்கர்' என்பார்கள். அவர் வதிவிடச் சான்றிதழ் கொடுத்தால் சுவிஸ் முதலாளி 4.5 சதவீத வரிதான் கழிப்பார். மீதியை ஜேர்மனி கேட்கும். பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு முடிந்தபிறகு. கைக்கு வந்த காசெல்லாம் தன்னுடையதென்று கார் வாங்கிய ஒரு பெடியன், போன ஆண்டு வரியும் இந்தக் காலாண்டு முற்பணமும் ஒரே கடிதத்தில் வந்தபோது ஓடிவந்தான். வேலை காரணமாக ஆண்டுக்கு 60 இரவுக்கு மேல் வீடு திரும்பாவிட்டால் இந்த வரிமுறையே மாறிவிடும், அது வேறு கதை.

எனக்குப் பயம் காப்புறுதியில்தான். கிரென்ஸ்கெங்கர் சட்டப்படி சுவிஸ் மருத்துவக் காப்புறுதிக்குள் வருவார். ஜேர்மன் காப்புறுதியிலேயே இருக்க விரும்பினால் வேலை தொடங்கிய மூன்று மாதத்துக்குள் விலக்குக் கேட்க வேண்டும். ஒருமுறை தெரிவுசெய்தபின் பொதுவாக மாற்ற முடியாது. சுவிசில் ஆளுக்கு ஒரு கட்டணம், சம்பளம் எவ்வளவென்று பார்ப்பதில்லை. ஜேர்மன் பொதுக் காப்புறுதியில் சம்பளத்தில் ஒரு வீதம். வருமானமில்லாத துணையும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்வார்கள். தனியாளுக்குச் சுவிஸ் மலிவாகத் தெரியும். தாதி ஒருத்தி அப்படித்தான் எடுத்தாள். பிள்ளை பிறந்ததும் கணக்குத் தலைகீழானது.

சுவிசிலேயே குடியேறுபவருக்கும் காப்புறுதி எடுக்க மூன்று மாதம்தான். ஆனால் கட்டணம் போய் இறங்கிய நாளிலிருந்தே ஓடும். ஜேர்மன் வீட்டை விட்டால் இரண்டு வாரத்துக்குள் அங்குள்ள வதிவிடப் பதிவை நீக்க வேண்டும்.

ஓய்வூதியம் என்றால் 25 வயதுக்காரர் கொட்டாவி விடுவார். ஜேர்மன் ஓய்வூதியம் பெற ஐந்து ஆண்டு காப்புறுதிக் காலம் வேண்டும். ஜேர்மனியில் மூன்று ஆண்டு மட்டும் வேலை செய்துவிட்டுக் கிளம்பினாலும் சுவிஸ் ஆண்டுகள் அந்த ஐந்தாண்டுக் கணக்கில் சேரும். சம்பளச் சீட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லி அனுப்புகிறேன்.