இங்கிலிஷ் டிகிரியும் பாடும் மீனும்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இருந்து வரும் பெற்றோர் ஆங்கிலம் கற்பிக்கிற என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சேர், இங்கிலிஷ் டிகிரி செய்தால் பிள்ளை நல்லாப் பேசுமா?" பேசும். ஆனால் பேச்சு மட்டும் போதுமென்றால் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பே காணும். எழுத்தை முதன்மையாக வைத்துப் பட்டம் படிப்பவருக்குப் பெரும்பாலான நேரம் போவது வாசிப்பதிலும், எழுதியதையே திரும்ப எழுதுவதிலும்தான்.

இந்தத் திரும்ப எழுதுதல் நம் பிள்ளைகளுக்குப் புதிது. மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கிப் பரீட்சைத் தாளில் இறக்கியே பழகியவர்கள். சொந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மட்டக்களப்புப் பிள்ளைகளின் தாளில், வாவிக்குள் பாடுவதாக ஊரில் சொல்லப்படும் அந்தப் பாடும் மீன் கட்டாயம் வந்துவிடும். "நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?" என்றால், இல்லை. சரி, கேட்டவர் யாரும் வீட்டில் இருந்தால் விசாரித்து வாருங்கள் என்பேன். அப்படிப் போன ஒரு மாணவியின் அடுத்த வரைவில் பெரியப்பா வந்தார்; கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை வாவிக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்ட கதை வந்தது. கூடவே வலையில் மீன் படுவது குறைந்துபோன கவலையும். இலக்கணப் பிழைகள் முதல் தாளைவிட அதிகம்தான். இருந்தாலும் நான் கூடுதல் புள்ளி போட்டது இதற்கே. மூன்றாம் வரைவில் பிழைகள் தானாகக் குறைந்தன.

ஏஐ எழுதித் தருகிற கட்டுரையில் பிழை இருக்காது, பெரியப்பாவும் இருக்க மாட்டார். ஒப்படைக்கு அது ஒப்பேறலாம். ஏஐ துணை இல்லாமல் பரீட்சை மண்டபத்தில் உட்காரும்போது வெளிச்சமாகிவிடும்.

எங்கே படிப்பது? வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் உயர்தரப் பரீட்சையில் போதிய இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) வேண்டும். அது கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த கலைமாணிப் பட்டம் நடத்துகிறது. அதற்கு மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. எதில் சேர்ந்தாலும் பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். இலக்கியம், மொழியியல், கற்பித்தல் இவற்றுக்கு நடுவே எழுத்துக்கு எத்தனை அலகு ஒதுக்கியிருக்கிறார்கள்? சீனியர் ஒருவரைப் பிடித்து, "கொடுத்த கட்டுரை குறிப்புகளோடு திரும்பி வருமா, வெறும் புள்ளியோடு வருமா?" என்றும் கேளுங்கள். என் கணக்கில் முக்கியமான கேள்வி இதுதான்.

வேலை பற்றியும் கேட்பார்கள். ஆசிரியப் பணி எல்லோருக்கும் தெரிந்தது. தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுத, மொழிபெயர்க்க, செம்மைப்படுத்தவும் ஆள் தேடுகிறார்கள். புனைவில் ஆசை உள்ளவர்கள் கிரேஷியன் பரிசைத் தெரிந்துவைத்திருங்கள். புக்கர் வென்ற மைக்கேல் ஒண்டாச்சி தொடக்கியது. இலங்கையில் வசிப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றுக்கான பரிசு. அச்சேறாத பிரதியையும் அனுப்பலாம்.