கண்காணிப்பா, மேற்பார்வையா?

‘நாடுகளின் மனித உரிமை நிலையை ஐ.நா. மேற்பார்வை செய்கிறது’ என்று செய்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஓயாமல் கேட்கிறோம். ‘மேற்பார்வைக் குழு’ என்ற பெயரும் அதனுடன் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தச் சொல் தவறு. நாடுகளின் அறிக்கைகளைப் பரிசீலிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு எந்த நாட்டையும் மேற்பார்வை செய்வதில்லை, கண்காணிக்கிறது.

ஆங்கில மூலச்சொல் ‘மானிட்டரிங்’. எச்சரித்தல், நினைவூட்டல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் பள்ளிகளில் ‘வகுப்பு மானிட்டர்’ என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். மேற்பார்வையோ ‘சூப்பர்விஷன்’ என்ற வேறொரு சொல்லின் உறுப்புக்கு உறுப்பான பெயர்ப்பு: மேலிருந்து பார்ப்பது. ஒன்றைச் சொல்லும் இடத்தில் மற்றொன்றின் பெயர்ப்பை வைத்திருக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள், கட்டட வேலையில் மேற்பார்வையாளர் என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும். சுவர் கோணலாக இருந்தால் இடித்துக் கட்டச் சொல்வார். கேட்காதவரை மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்பார். மேற்பார்வை என்றாலே அதில் அதிகாரம் அடங்கியிருக்கிறது. மனித உரிமைக் குழுவிடம் அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது? 1966இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 1976இல் நடைமுறைக்கு வந்த குடிசார், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை அந்தக் குழுவை அமைத்தது. அதில் 18 பேர். தங்கள் அரசுகளின் பிரதிநிதிகளாக அல்லாமல் தனிப்பட்ட முறையில் பணியாற்றும் வல்லுநர்கள். உடன்படிக்கையில் சேர்ந்த அரசு அறிக்கை அனுப்புகிறது. தன்னார்வ அமைப்புகள் அரசு சொல்லாமல் விட்டதை மாற்று அறிக்கைகளாக அனுப்புகின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டு குழு அரசுப் பிரதிநிதிகளை நேரில் கேள்வி கேட்கிறது. பிறகு கவலைகளையும் பரிந்துரைகளையும் எழுதி வெளியிடுகிறது. அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அரசு என்ன செய்தது என்று பின்னர் கேட்டு, ‘A’ முதல் ‘E’ வரை தரம் போடுகிறது. கேட்பது, பார்ப்பது, பதிவு செய்வது, நினைவூட்டுவது. அதன் அதிகாரம் அவ்வளவுதான்.

மேற்பார்வை என்ற சொல் எவ்வளவு பொய்யான நம்பிக்கையைத் தருகிறது என்பதற்கு வாக்குமூலத்தை வைத்து இலங்கையில் தண்டிக்கப்பட்டு, குழுவிடம் முறையிட்ட சிங்கராசாவின் வழக்கு போதும். வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமையை அவர் தலையிலேயே வைத்தது, நியாயமான விசாரணைக்கான, உடன்படிக்கையின் 14ஆம் பிரிவை மீறியது என்று 2004இல் குழு கூறியது. விடுதலையோ மறுவிசாரணையோ வேண்டும் என்றது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம், தனிநபர் முறையீட்டுக்கு வழி செய்யும் விருப்ப நெறிமுறையில் நாடு சேர்ந்ததே அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்துவிட்டது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவே இல்லை. 1979இல் உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியாவை 1997இல் பரிசீலித்த குழு, அடுத்த பரிசீலனையை 2024 ஜூலையில்தான் நடத்த முடிந்தது. இதையா மேற்பார்வை என்பது?

கண்காணியும் அதிகாரம் செலுத்துபவர்தானே என்று ஒரு மறுப்பு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் கண்காணி என்பதே திரிந்து, தொழிலாளர்களை வேலை வாங்குபவரைக் குறித்த கங்காணி என்ற பெயர் என்னவெல்லாம் செய்தது என்பதை அந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த வலி நியாயமானது. ஆனால் சொல் தோட்டத்தில் பிறந்ததில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்’, அதாவது கோயிலைக் கண்காணித்த சிவனடியார்கள், கோயில் காரியங்களின் பொறுப்பாளர்களோடு சேர்ந்து வருகிறார்கள். ‘கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்’ என்கிறது திருமந்திரம். பார்க்க ஆள் இல்லை என்றால் கள்ளம் நடக்கும். பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதே கள்ளத்துக்குத் தடை. மனித உரிமைக் குழு செய்வதை இதைவிடச் சுருக்கமாக வேறு எந்தச் சொல்லும் சொல்லாது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு குடிமக்களை வேவு பார்ப்பதையும் நாம் கண்காணிப்பு என்றே எழுதுகிறோம். அதனால் ‘பத்திரிகையாளர்கள் மீதான கண்காணிப்பு குறித்துக் கண்காணிப்புக் குழு கவலை தெரிவித்தது’ என்ற வாக்கியம் பிறக்கிறது. இதற்காகக் கண்காணிப்பைக் கைவிட வேண்டியதில்லை. ‘பத்திரிகையாளர்களை வேவு பார்ப்பது குறித்து’ என்று எழுதினால் தீர்ந்தது. வேவு, ஒற்று, ஒட்டுக்கேட்பு என்று இத்தனை சொற்கள் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

அதே அவசரத்தில்தான் மனித உரிமைக் குழுவையும் மனித உரிமைப் பேரவையையும் ஒன்றாக்குகிறார்கள். பேரவை 47 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள் அமரும் இடம். அங்கே வாக்கெடுப்பு உண்டு, பேரம் உண்டு. ஒன்று செய்ததை மற்றொன்றின் கணக்கில் எழுதினால், வாசகர் யாரிடம் முறையிடுவது என்றே தெரியாமல் நிற்பார். மேற்பார்வை என்று எழுதிப் பழகிய கை, அடுத்த வரியிலேயே ‘ஐ.நா. உத்தரவு’ என்றும் எழுதிவிடுகிறது. குழு பரிந்துரைத்தது, கேட்டுக்கொண்டது, கவலை தெரிவித்தது என்று எழுதுங்கள். உத்தரவிட்டது என்று எழுதாதீர்கள்.