கண்ணாடி போட்டவர்களும் விமானி ஆகலாம்: மருத்துவத் தேர்வில் பார்வை விதிகள்

காரைக்குடியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ முடிவு வருகிற வாரங்களில் ஒரு கேள்வி ஆண்டு தவறாமல் கடையேறி வரும். போன மே மாதம் பள்ளத்தூரிலிருந்து ஓர் அப்பத்தா தன் பேத்தியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றரை. "பைலட்டுக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், தம்பி. சோடாபுட்டி போட்ட பிள்ளையை யார் பிளேன் ஓட்ட விடுவார்கள்? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

விடுவார்கள், ஆச்சி என்றேன். அவர் நம்பவில்லை. அவள் ஆசையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டனில் இருந்த நாளிலேயே விமானம் ஓட்டப் பழகிச் சான்றிதழ் வாங்கியவர். செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணை நிலத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் இன்றும் கிடக்கிறது.

கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்ற எண்ணம் விமானப்படையிலிருந்து வந்தது. போர் விமானி ஆகப் போகிறவருக்கு அங்கே விதி மிகக் கடுமை. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படுகிறவரை விமானி பிரிவில் எடுப்பதில்லை. என்.சி.சி.யில் இருந்த அண்ணன்மார் சொன்ன அந்த விதியையே பயணிகள் விமானத்துக்கும் சேர்த்து நம்பிவிட்டோம். சிவில் விமானிகளுக்கான விதி வேறு. அதைப் பார்த்துக்கொள்வது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். சர்வதேச அமைப்பான ஐகாவோ வகுத்த அளவுகளை ஒட்டியே அது நடக்கிறது.

சம்பளம் வாங்கி விமானம் ஓட்ட வேண்டுமானால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். அதற்கான தூரப்பார்வை அளவு இது: ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அல்லது அதைவிட நன்றாகப் படிக்க வேண்டும், இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6. சாதாரணக் கண் ஒன்பது மீட்டரில் படிக்கும் எழுத்தை ஆறு மீட்டரில் நின்று படித்தால் அது 6/9. விதியில் அடுத்து வரும் சொற்கள்தாம் முக்கியம்: கண்ணாடியுடனோ இல்லாமலோ. கழற்றிவிட்டுப் பார்த்தால் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஐகாவோ கீழ்வரம்பு எதுவும் வைக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் 6/60-க்கும் கீழே போகிறவர்களிடம் மட்டும் கண் மருத்துவரின் முழு அறிக்கை கேட்கப்படும்.

அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, டிரையல் பிரேமில் சரியான பவரைப் போட்டு, பலகையைக் காட்டினேன். இடது கண், வலது கண், இரண்டும் சேர்த்து. கடைசி வரியைத் தடங்கலின்றிப் படித்தாள். அப்பத்தா எழுந்துபோய்ப் பலகையருகே நின்று, அவ்வளவு சின்ன எழுத்தா என்று குனிந்து பார்த்தார்.

இப்படித் தேறுகிறவரின் சான்றில் ஒரு நிபந்தனை ஏறும். பறக்கும்போது கண்ணாடி அல்லது கான்டாக்ட் லென்ஸ் அணிந்தே இருக்க வேண்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்று எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் என்றால் நிறமற்றதாகவும் ஒரே பவர் கொண்டதாகவும் இருக்க வேண்டும். வெயில் கண்ணாடியில் போலராய்டு வேண்டாம். விமானத்தின் சில திரைகள் அதன் வழியே மங்கிப்போகும்.

அருகில் இருப்பதைப் படிக்கிற பார்வைக்கும் அளவு உண்டு. என்-5 என்ற பொடி எழுத்தை 30 முதல் 50 செ.மீ. தூரத்தில் படிக்க வேண்டும். என்-14 எழுத்தை ஒரு மீட்டரில். பதினெட்டு வயதில் இது பெரும்பாலும் சிக்கலில்லை. நாற்பதைத் தாண்டிய விமானிகளுக்குத்தான் இதில் கவனம் வேண்டும். வெள்ளெழுத்துக்கு நாம் வாங்குகிற முழு வட்டப் படிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே தூரம் மங்கிவிடும். அதனால் அது ஏற்கப்படுவதில்லை. பைஃபோக்கல் அல்லது மேலே எட்டிப் பார்க்க வசதியான அரைக் கண்ணாடி செல்லும்.

இனி நான் உண்மையில் அஞ்சுகிற விஷயத்துக்கு வருகிறேன். பவரைக் கண்ணாடி சரிசெய்யும். நிறத்தை எந்தக் கண்ணாடியும் சரிசெய்யாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வந்தான். கண்ணாடியே தேவைப்படாத கண். பயிற்சிக்குப் பணம் கட்ட நாள் குறித்துவிட்டார்கள். பேச்சுவாக்கில், நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் அவன்முன் விரித்தேன். புள்ளிகளுக்குள் 74 என்று எழுதிய பக்கம். "21" என்றான் உடனே, கொஞ்சமும் தயங்காமல். சிவப்பும் பச்சையும் குழம்புகிற கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். காலடியில் கிடந்த சிவப்பையும் பச்சையையும் மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு அன்றுவரை தெரியாது. அவன் அப்பச்சி என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க முடியவில்லை.

ஓடுதளம் தொடங்கும் இடத்தில் பச்சை விளக்கு, முடியும் இடத்தில் சிவப்பு. இறங்கும் கோணம் தாழ்ந்துபோனால், ஓடுதளத்தின் பக்கத்தில் அதைக் காட்டும் விளக்குகள் வெள்ளையிலிருந்து சிவப்பாகும். எதிரே வரும் விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை. ரேடியோ பழுதானால் கோபுரத்திலிருந்து வரும் அனுமதியும் மறுப்பும்கூட நிற ஒளிதான். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. புத்தகச் சோதனையில் தவறியவர்களுக்கு விளக்குகளை வைத்து மறுசோதனை உண்டு. அதில் தேறுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேறிவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்கு வருவது. தாய்மாமனுக்கு இருந்தால் பையனுக்குக் கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

ஆகவே முதலில் மருத்துவம், பிறகு பணம். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, அதன்பின் முதல் வகுப்பு. விண்ணப்பம் இ-ஜிசிஏ இணையதளம் வழியே. முதல் வகுப்புப் பரிசோதனை பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகம் போன்ற மையங்களில் நடக்கிறது. பயிற்சிப் பள்ளி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பல லட்சம் கட்டிய பிறகு இந்தப் படியில் ஏறாதீர்கள்.

தேர்வுக்காகவே லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கண்ணாடியோடு அளவு எட்டுகிறவருக்கு அதற்குத் தேவையே இல்லை. பதினேழு வயதில் பவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்; சிகிச்சைக்குப் பின் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றிக் கூச்சம் தங்கும். செய்துகொண்டவர்கள் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் வைத்திருக்க வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது இப்போதைய கண்ணாடி, மாற்றுக் கண்ணாடி, பழைய பவர்ச் சீட்டுகள் மூன்றும் பையில் இருக்கட்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் எத்தனை நாள் முன்பு கழற்ற வேண்டும் என்பதை மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவர் வேண்டும். பள்ளத்தூர் அப்பத்தா அதைக் கேட்டதும், "நானே போகிறேன்" என்றார். பேத்திக்கு இரண்டாவது கண்ணாடிக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.