நிறுவனத்தின் பின்னால் இருப்பவர் யார்? பயனுரிமையாளர் பதிவு விதி குறித்த விளக்கம்

ஒரு நிறுவனத்தின் பங்குகள் எவர் பெயரில் இருக்கின்றனவோ அவரே அதன் உண்மையான உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பங்குகள் இன்னொரு நிறுவனத்தின் பெயரிலோ, ஓர் அறக்கட்டளையின் பெயரிலோ, பெயரளவிலான பங்குதாரர் ஒருவரின் பெயரிலோ இருக்கலாம். லாபமும் முடிவெடுக்கும் அதிகாரமும் எங்கோ இருக்கும் வேறொருவரிடம் போய்ச் சேரலாம். அப்படிக் கடைசியில் நிற்கும் மனிதரைத்தான் பயனுரிமையாளர் என்கிறோம். வங்கிகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் ‘பெனிஃபிஷியல் ஓனர்’ என்றே சொல்வார்கள். அவர் யார் என்பதை நிறுவனம் கண்டறிந்து, ஆவணப்படுத்தி, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே இந்த விதி. கடந்த பத்தாண்டுகளில் பெரும்பாலான நாடுகள் இதை ஏதேனும் ஒரு வடிவில் சட்டமாக்கிவிட்டன. ஆனால் தெரிவிக்கப்பட்ட தகவலை யாரெல்லாம் பார்க்கலாம் என்ற கேள்வியில் அவை இன்று வெவ்வேறு திசைகளில் போகின்றன.

விதியின் ஊற்று நிதி நடவடிக்கைப் பணிக்குழு எனப்படும் எஃப்.ஏ.டி.எஃப். 1989-ஆம் ஆண்டு பாரிஸில் கூடிய ஜி-7 உச்சி மாநாட்டில் உருவான இந்த அமைப்பு, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுப்பதற்காக 40 பரிந்துரைகளை வகுத்துள்ளது. அவற்றில் 24-ஆவது பரிந்துரை நிறுவனங்களைப் பற்றியது. 25-ஆவது அறக்கட்டளைகளையும் அவை போன்ற ஏற்பாடுகளையும் பற்றியது. பரிந்துரை என்ற பெயரைப் பார்த்து இதை ஏற்பதும் மறுப்பதும் ஒரு நாட்டின் விருப்பம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு நாட்டின் சட்டத்தையும் நடைமுறையையும் பிற நாடுகளின் வல்லுநர்கள் வந்து மதிப்பிடுகிறார்கள். குறைபாடு அதிகமிருந்தால் அந்த நாடு, பேச்சு வழக்கில் ‘சாம்பல் பட்டியல்’ எனப்படும் கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறும் நாட்டின் வங்கிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வெளிநாட்டு வங்கிகள் தயங்குகின்றன. நாடாளுமன்றங்கள் இந்தச் சட்டங்களை நிறைவேற்றியதற்குப் பின்னால் இந்த அச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

24-ஆவது பரிந்துரை 2022 மார்ச்சில் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு, வங்கிகள் தங்கள் வாடிக்கையாளரிடம் கேட்டுப் பெற்று வைத்திருக்கும் தகவலே போதும் என்று ஒரு நாடு வாதிட இடமிருந்தது. திருத்தத்துக்குப் பிறகு அந்த வாதம் செல்லாது: நிறுவனம் தானே தகவலை வைத்திருக்க வேண்டும், அதோடு ஓர் அரசுப் பதிவேட்டிலோ, அதற்கு இணையான திறனுள்ள வேறு ஏற்பாட்டிலோ அது கிடைக்க வேண்டும். யார் கையில் சான்றிதழ் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற வகைப் பங்குகளைப் புதிதாக வெளியிடவும் தடை வந்தது.

பயனுரிமையாளரை அடையாளம் காண்பது பொதுவாக மூன்று படிகளில் நடக்கிறது. முதற்படி பங்கு அளவு: குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ வைத்திருக்கும் மனிதர். இரண்டாவது, பங்கு குறைவாக இருந்தாலும் வேறு வழியில் கட்டுப்பாடு செலுத்துபவர். இயக்குநர் குழுவின் பெரும்பான்மையை நியமிக்கவும் நீக்கவும் உரிமை உள்ளவர் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இந்த இரண்டிலும் ஒருவரும் சிக்காவிட்டால், நிறுவனத்தின் மூத்த நிர்வாகியின் பெயரைப் பதிவு செய்ய எஃப்.ஏ.டி.எஃப். முறை இடம் தருகிறது. என் பார்வையில் விதியின் பலவீனமான இடம் இந்த மூன்றாம் படிதான். தேடிப் பார்த்து ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகு எடுக்க வேண்டிய படியை, தேடும் வேலையைத் தவிர்ப்பதற்கான குறுக்கு வழியாகவும் பயன்படுத்திவிட முடிகிறது.

விழுக்காடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 25 விழுக்காட்டுக்கு மேல், மலேசியாவில் 20, இந்தியாவில் நிறுவனச் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி 10. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதுவரை 25 விழுக்காட்டுக்கு மேல் என்றிருந்தது. 2027 ஜூலை 10 முதல் நடைமுறைக்கு வரும் புதிய ஒழுங்குமுறையில் அது 25 அல்லது அதற்கு மேல் என்று மாறுகிறது. வேறுபாடு ஒரே ஒரு பங்குதான். ஆனால் நான்கு பேர் சரிசமமாக 25 விழுக்காடு வீதம் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஏராளம். பழைய விதியில் பங்கு அளவின்படி அவர்களில் ஒருவரும் பயனுரிமையாளர் இல்லை, புதிய விதியில் நால்வருமே பயனுரிமையாளர்கள்.

நேரடிப் பங்குகளைக் கணக்கிடுவதில் சிக்கல் இல்லை. இடையில் நிறுவனங்கள் வரும்போதுதான் கணக்கு தடுமாறுகிறது. ஒருவர் முதல் நிறுவனத்தில் 60 விழுக்காடு பங்கு வைத்திருக்கிறார். அந்த முதல் நிறுவனம் இரண்டாவது நிறுவனத்தில் 40 விழுக்காடு வைத்திருக்கிறது. இரண்டாவது நிறுவனத்தில் அவருடைய பங்கு எவ்வளவு? பெருக்கிப் பார்த்தால் 24 விழுக்காடு, அதாவது 25 என்ற வரம்புக்குக் கீழே. இந்தக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு, தெரிவிக்க வேண்டிய தேவை இல்லை என்று முடிவு செய்தால் அது தவறாகப் போகும். முதல் நிறுவனத்தில் அவருக்குப் பெரும்பான்மை இருப்பதால், அந்த நிறுவனம் தன் 40 விழுக்காட்டு வாக்கை எப்படிப் போட வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கிறார். ஆகவே பிரிட்டன் சட்டம் பெருக்குவதில்லை. இடையிலுள்ள நிறுவனத்தில் பெரும்பான்மை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முழு 40 விழுக்காட்டையும் அவர் கணக்கில் சேர்க்கிறது. இந்திய விதியும் இடையிலுள்ள நிறுவனத்தில் பெரும்பான்மை இருக்கிறதா என்றே பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஒழுங்குமுறையோ பங்குரிமைக்குப் பெருக்கல் கணக்கைச் சொல்லி, கட்டுப்பாட்டைத் தனியே சோதிக்கவும் சொல்கிறது. ஆக ஒரே மனிதர், ஒரே பங்கு அமைப்பு, ஆனால் காரணம் நாட்டுக்கு நாடு வேறு. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் குழுமங்கள் ஒரு நாட்டில் நிரப்பிய படிவத்தை அப்படியே இன்னொரு நாட்டுக்கு நகலெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பங்கைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் வரம்புக்குக் கீழே நின்றுகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கும் சட்டத்தில் விடை உண்டு. ஐந்து பேர் தலைக்கு 20 விழுக்காடு வைத்துக்கொண்டு, எப்போதும் ஒரே மாதிரி வாக்களிப்பது என்று தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தால், பிரிட்டன் சட்டம் அந்த ஐவரில் ஒவ்வொருவரையும் மொத்தப் பங்கையும் வைத்திருப்பவராகவே கருதுகிறது.

இனி, யார் பார்க்கலாம் என்ற கேள்வி. பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த ஒரு கோடியே 15 லட்சம் ஆவணங்கள் 2016 ஏப்ரலில் செய்தியானபோது, பதிவேடுகளை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற குரல் உலகெங்கும் வலுத்தது. பிரிட்டன் அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தது. 2016 ஏப்ரல் 6 முதல் அங்கே நிறுவனங்கள் தங்களைக் கட்டுப்படுத்துவோரின் பட்டியலைப் பராமரிக்க வேண்டியதாயிற்று. நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். பெயர், நாட்டுரிமை, பங்கு அளவின் வரம்பு, பிறந்த மாதம், ஆண்டு ஆகியவை தெரியும். பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் மறைக்கப்பட்டிருக்கும். வெளிப்படைத்தன்மையையும் தனிமனிதப் பாதுகாப்பையும் இப்படிப் பிரித்து வைத்தது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவகம் பல ஆண்டுகள் கொடுத்ததைக் கொடுத்தபடியே வாங்கி வைத்துக்கொண்டது. பொய்ப் பெயர்களும் உள்ளே போயின. 2023-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பதிவகத்துக்குத் தகவலைக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் அதிகாரம் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர்களும் கட்டுப்படுத்துவோரும் தங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயமாகியுள்ளது. பிரிட்டனில் நிலமோ கட்டடமோ வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2022 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியமும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புக்காக 2018-இல் கொண்டுவந்த ஐந்தாவது வழிகாட்டுநெறியின் மூலம் பதிவேடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்தது. லக்சம்பர்க்கில் இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், 2022 நவம்பர் 22 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், காரணம் எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் தகவலைத் திறந்துவிடுவது தனியுரிமைக்கும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கும் எதிரானது என்று கூறி அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. உடனே பல நாடுகள் தங்கள் பதிவேடுகளை மூடின. பத்திரிகையாளர்களுக்கும் ஊழல் எதிர்ப்பு அமைப்புகளுக்கும் இது பெரிய அடி. எனினும் அவர்களுக்கு இத்தகவலில் நியாயமான நலன், அதாவது அதைக் கேட்பதற்குத் தக்க காரணம், இருப்பதை அதே தீர்ப்பு ஒப்புக்கொள்ளவும் செய்தது. அந்தப் பிடியை வைத்துத்தான் 2024-ஆம் ஆண்டின் புதிய வழிகாட்டுநெறி எழுதப்பட்டுள்ளது: நியாயமான நலனைக் காட்டுவோருக்கு அனுமதி தர வேண்டும், இதற்கான விதிகளை உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வைக்கப்பட்ட கெடு 2026 ஜூலை 10.

அமெரிக்காவின் போக்கு இவை எல்லாவற்றிலிருந்தும் விலகியது. 2021 ஜனவரி 1 அன்று நிறைவேறிய நிறுவன வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, 2024 ஜனவரி 1 முதல் சிறு நிறுவனங்கள் தங்கள் உரிமையாளர்களை நிதித் துறையின் கீழுள்ள ஃபின்சென் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றானது. அந்தப் பதிவேடு மக்களுக்கானதன்று, புலனாய்வு அமைப்புகளுக்கானது. சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று நீதிமன்றங்களில் வழக்குகள் தொடர்ந்தன. தடைகள் வந்தன, விலகின. முடிவில் 2025 மார்ச் 21 அன்று ஃபின்சென் வெளியிட்ட இடைக்கால விதி, அமெரிக்காவிலேயே உருவாக்கப்பட்ட நிறுவனங்கள் அனைத்துக்கும் விலக்கு அளித்துவிட்டது. வெளிநாட்டுச் சட்டப்படி அமைந்து அமெரிக்க மாநிலம் ஒன்றில் தொழில் செய்யப் பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் மட்டுமே இப்போது எஞ்சியிருக்கின்றன; அவையும் அமெரிக்கர்களான உரிமையாளர்களைத் தெரிவிக்கத் தேவையில்லை. முகமூடி நிறுவனங்களை அமைக்க மிக எளிய இடங்களுள் ஒன்று என்று அந்நாட்டைப் பற்றிப் பல காலமாக எழுந்த விமர்சனத்துக்கு விடையாக வந்த சட்டம், நடைமுறைக்கு வந்த ஓராண்டு சொச்சத்தில் அநேகமாக உள்ளீடற்றுப் போனது.

நிறுவனம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு அந்தச் சந்தையின் வெளிப்படுத்தல் விதிகளே இருப்பதால் பல நாடுகளில் விலக்கோ எளிய நடைமுறையோ உண்டு. ஒருமுறை தெரிவித்துவிட்டால் கடமை முடிந்துவிடுவதுமில்லை. பங்கு கை மாறும்போதெல்லாம் காலக்கெடு புதிதாகத் தொடங்குகிறது. இந்தியாவில் வரம்பைத் தொட்ட மனிதர் 30 நாட்களுக்குள் பென்-1 படிவத்தில் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த 30 நாட்களுக்குள் நிறுவனம் பென்-2 படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வங்கி இதே விவரத்தைக் கேட்கும்போது பதிவகத்தில் கொடுத்ததும் வங்கியில் கொடுத்ததும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டுக்கும் முரண் தெரிந்தால் வங்கி அதைப் பதிவேட்டு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கேட்ட தகவலைப் பங்குதாரர் தராவிட்டால் அபராதத்தோடு நின்றுவிடுவதில்லை. இந்தியாவில் நிறுவனம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகி அந்தப் பங்குகளின் உரிமைகளை நிறுத்திவைக்கக் கோர வேண்டும். பிரிட்டனில் நிறுவனமே, நீதிமன்றத்துக்குப் போகாமல், முறையான எச்சரிக்கை கொடுத்த பிறகு ஒரு தடை அறிவிப்பால் இதைச் செய்துவிடலாம். அந்த அறிவிப்பு நடைமுறையில் இருக்கும்வரை அந்தப் பங்குகளை விற்க முடியாது, அவற்றைக் கொண்டு வாக்களிக்க முடியாது, அவற்றுக்குரிய ஈவுத்தொகையும் வராது.