டார்வினிஸ்ட்: ஆய்வாளரைச் சீடராக்கும் சொல்

உயிரினங்களைக் கடவுளே நேராகப் படைத்தார், பரிணாமம் நடக்கவில்லை என்று வாதிடும் படைப்புவாதிகள் எழுதிய புத்தகத்தையோ துண்டறிக்கையையோ எடுத்துப் பாருங்கள், "டார்வினிஸ்டுகள் சொல்கிறார்கள்", "டார்வினிஸ்டுகள் மறைக்கிறார்கள்" என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனால் மரபணு வரிசையைப் படித்துக்கொண்டோ பாறையைத் தட்டிக்கொண்டோ இருக்கிற ஆய்வாளரிடம் போய் "நீங்கள் டார்வினிஸ்டா?" என்று கேட்டால் கொஞ்சம் முழிப்பார். பிரிட்டனில் சிலர் இன்றும் அந்தப் பெயரைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள், அது வேறு. ஈர்ப்பு விசையை ஆராய்கிறவரை யாரும் நியூட்டனிஸ்ட் என்று கூப்பிடுவதில்லை, கருந்துளையை ஆராய்கிறவரை ஐன்ஸ்டைனிஸ்ட் என்பதில்லை. உயிரியலாளருக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்?

சொல்லைப் பிரித்தால் டார்வின் என்ற பெயரும் 'இஸ்ட்' என்ற விகுதியும்தான். கிரேக்கத்தில் பிறந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த விகுதி அது, பல வேலை செய்யும். வயலினிஸ்ட் என்றால் வாசிக்கிறவர், டென்டிஸ்ட் என்றால் அந்தத் தொழில் செய்கிறவர். ஓர் ஆளின் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் மட்டும் பொருள் மாறிவிடும்: மார்க்சிஸ்ட் போல, அந்த ஆளின் வழியில் நடப்பவர். படைப்புவாதிகளுக்கு வேண்டியது இந்தப் பொருள்தான்.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் சார்லஸ் டார்வினுக்கும் மூத்தவை. அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர், செடிகொடிகளின் காதலைப் பாட்டாக எழுதியவர், 1802இல் இறந்தார். 'டார்வினியன்' என்றால் முதலில் அந்தத் தாத்தாவின் பாணி என்றுதான் பொருள். பேரனின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24 அன்று வெளிவந்தது. 1860 ஏப்ரலில் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' இதழில் அதற்கு மதிப்புரை எழுதிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 'டார்வினிசம்' என்ற சொல்லைப் பேரனின் கருத்துக்குச் சூட்டினார். வசையாக அல்ல, ஆதரவாகத்தான். டார்வினின் காவல்நாய் என்றே பெயர் வாங்கிய மனிதர் அவர். வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வெளிவருவதற்கு முந்தின நாளே டார்வினுக்கு எழுதிய கடிதத்தில், இயற்கை ஒருபோதும் தாவிச் செல்லாது என்று இவ்வளவு அடித்துச் சொல்லி வேண்டாத சிக்கலை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள் என்று ஹக்ஸ்லி குறை சொல்லியிருந்தார். இந்தப் பொருளில் டார்வினிசம் என்ற சொல்லைக் கொண்டுவந்தவரே டார்வின் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவர் இல்லை.

1889இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் தன் புத்தகத்துக்கே 'டார்வினிசம்' என்று தலைப்பு வைத்தார். சூழலுக்குப் பொருந்துகிறவை பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வைத் தானும் தனியாகக் கண்டுபிடித்தவர், 1858இல் லின்னியன் சங்கத்தில் டார்வினோடு சேர்த்து வாசிக்கப்பட்டது இவருடைய கட்டுரையும்தான். அப்படிப்பட்டவர் அடுத்தவர் பெயரைத் தலைப்பில் வைத்தார். பெருந்தன்மை, சரி, ஆனால் பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

சொல்லின் பொருள் முதலில் திரும்பியது வேறோர் இடத்தில். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த சார்லஸ் ஹாட்ஜ் 1874இல் 'டார்வினிசம் என்றால் என்ன?' என்று ஒரு புத்தகம் போட்டார். கடைசியில் அவர் தந்த பதில் ஒரே வரி: அது நாத்திகம். ஓர் உயிரியல் கோட்பாட்டின் பெயர் ஒரு மதநிலைப்பாட்டின் பெயராக ஆனது இப்படித்தான். ஹாட்ஜ் மேம்போக்காக எழுதியவரும் இல்லை, டார்வினைக் கவனமாகப் படித்துவிட்டுத்தான் எழுதினார். அவருக்குப் பின்னால் வந்த பலர் படித்தது டார்வினை அல்ல, ஹாட்ஜின் அந்த ஒரு வரியை.

இதற்கிடையில் அறிவியல் என்ன செய்தது? டார்வினைப் பாதி தாண்டிப் போய்விட்டது. பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எப்படி வருகிறது என்பதற்கு அவர் 1868இல் சொன்ன விளக்கம் தவறு, அதைத் தூக்கிப் போட்டார்கள். மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிச் செடிக் கணக்கு 1900இல்தான் கவனத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் இயற்கைத் தேர்வையே சந்தேகித்த உயிரியலாளர்கள் நிறையப் பேர். பிறகு ஃபிஷர், ஹால்டேன், ரைட் என்ற மரபியலாளர்கள் மூவரும் கணக்குப் போட்டு மெண்டலையும் டார்வினையும் இணைத்தார்கள். 1967இல் உயிரியலாளர் லின் மார்குலிஸ், நம் செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா என்றார். முதலில் பல இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின, அப்புறம் சான்று சேர்ந்ததும் அது பாடப்புத்தகத்தில் ஏறியது. 1968இல் ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா, மூலக்கூறு மட்டத்தில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பகுதி தேர்வுக்கே உட்படாதவை என்றார். இவரை எந்தக் கணக்கில் டார்வினிஸ்ட் என்பது?

படைப்புவாதிகளின் கண்ணில் இந்த வரலாறு பதிவதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த அறிவு அமைப்பு ஒன்றுதான்: ஒரு நிறுவனர், அவர் எழுதிய ஒரு நூல், அதைக் காக்கும் குருமார்கள், விலகினால் தள்ளிவைக்கப்படும் துரோகிகள். அறிவியலையும் அந்த அச்சிலேயே வார்த்துப் பார்க்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பொய்யர்கள், முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தன் வீட்டு அமைப்பை வைத்து எதிர்வீட்டையும் ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் தாக்கும் விதத்தைப் பாருங்கள், எல்லாம் இந்த ஊகத்திலிருந்தே கிளம்புகிறது.

டார்வின் சாகும் தறுவாயில் மனம் திரும்பினார் என்ற கதை ஒன்று போதும். 1915இல் அமெரிக்க பாப்டிஸ்ட் பத்திரிகை ஒன்றில் வந்தது. லேடி ஹோப் என்ற பிரசங்கியார் டார்வினை அவருடைய கடைசி மாதங்களில் பார்க்கப் போனாராம், அவர் பைபிள் படித்துக்கொண்டு, தன் கருத்துகளை நினைத்து வருந்தினாராம். டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922இல் இதை மறுத்தார்: அப்பாவின் படுக்கையருகில் நான் இருந்தேன், அந்த அம்மாள் அங்கே இல்லை, அப்பா தன் கருத்து எதையும் திரும்பப் பெறவில்லை என்றார். இப்போது பெரிய படைப்புவாத அமைப்புகளே இந்தக் கதையைச் சொல்லாதீர்கள் என்று தங்கள் ஆட்களுக்கு அறிவுரை தருகின்றன. ஆனால் எனக்கு உண்மை பொய்யைவிட இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோமே. 1882இல் டார்வின் கண்ணீர் விட்டு அழுதிருந்தால் மட்டும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுப் பாறையிலிருந்து 2004இல் எடுத்த, 37.5 கோடி ஆண்டு பழைய, மீனுக்கும் நிலவிலங்குக்கும் இடைப்பட்ட டிக்டாலிக் மீனுக்குக் கழுத்தும் மணிக்கட்டு எலும்பும் இல்லாமல் போய்விடுமா? நிறுவனர் மறுதலித்தால் மதம் ஆட்டம் காணும். அறிவியலில் நிறுவனரின் மனமாற்றம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பத்தி.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. சியாட்டிலில் இருக்கும் டிஸ்கவரி இன்ஸ்டிடியூட் 2001இல் 'டார்வினிசத்திலிருந்து அறிவியல் கருத்து வேறுபாடு' என்று ஓர் அறிக்கை தயாரித்து, முனைவர் பட்டம் பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி விளம்பரம் செய்தது. தலைப்பிலேயே டார்வினிசம் இருக்கிறது, கவனியுங்கள். இன்னும் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் வாசகம்: தற்செயல் மரபணு மாற்றமும் இயற்கைத் தேர்வும் மட்டுமே உயிரின் சிக்கலை விளக்கிவிடும் என்பதில் எங்களுக்கு ஐயம், சான்றுகளைக் கவனமாக ஆராய வேண்டும். கிமுராவையோ மார்குலிஸையோ படித்த எந்த உயிரியலாளரும் இதைக் கேட்டுத் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். உயிரினங்களுக்குப் பொது மூதாதை உண்டா என்பது பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இதற்குப் பதிலடியாக அமெரிக்காவின் தேசிய அறிவியல் கல்வி மையம் 2003இல் செய்த குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பரிணாமத்தை ஏற்கும் அறிவியலாளர்களில் ஸ்டீவ் என்று பெயருள்ளவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கியது. ஸ்டீவன், ஸ்டெஃபனி எல்லாம் சேர்த்தி. முந்தின ஆண்டு இறந்த தொல்லுயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கோல்டின் நினைவாகத்தான் அந்தப் பெயர். அமெரிக்கரில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான் அந்தப் பெயர், அப்படியும் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டியது, ஸ்டீஃபன் ஹாக்கிங் உட்பட. கையெழுத்தை எண்ணி அறிவியலை முடிவு செய்ய முடியாது என்பதைக் கையெழுத்தை எண்ணியே காட்டினார்கள்.

நீதிமன்றத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு வாழ்க்கை உண்டு. 1991இல் டார்வினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் புத்தகம் எழுதிய ஃபிலிப் ஜான்சன் பெர்க்லியில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். அவருக்கு அறிவியல் என்பது வழக்கு: எதிர்த்தரப்புச் சாட்சியை மடக்கினால் தீர்ப்பு நம் பக்கம். 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊர்ப் பள்ளியில், உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்ற கருத்தைச் சொல்லலாமா என்று உண்மையிலேயே வழக்கு நடந்தபோது ஆட்டம் தலைகீழானது. அந்தக் கருத்துக்காகச் சாட்சி சொன்ன லீஹாய் பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹீ, தான் தரும் வரையறைப்படி பார்த்தால் சோதிடமும் அறிவியல் கோட்பாடுதான் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலில் பதில் இல்லை என்று எழுதியிருந்தவர் முன் 58 ஆய்வுக் கட்டுரைகளையும் சில புத்தகங்களையும் அடுக்கினார்கள். போதாது என்றார். அதே வழக்கில் படைப்புவாதப் பாடநூல் ஒன்றின் பழைய கைப்பிரதிகள் வெளியே வந்தன. பரிணாமத்தைக் கற்பித்தால் 'படைப்பு அறிவியலை'யும் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா சட்டத்தை 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும், பிரதியில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடமெல்லாம் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருக்கிறார்கள். அவசரத்தில் ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல், புதிய சொல் நடுவில் சிக்கி நின்றது. இடைநிலைப் புதைபடிவத்தைக் காட்டு காட்டு என்று கேட்பவர்களே ஒன்றைத் தயாரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

தமிழுக்கு வருவோம். டார்வினிஸ்டை 'டார்வின்வாதி' என்று பெயர்ப்பது வழக்கம், எனக்கு அது உடன்பாடில்லை. தமிழில் 'வாதி' என்றால் வழக்குப் போட்டவர், எதிரில் ஒரு பிரதிவாதி. தீவிரவாதி, பிரிவினைவாதி என்று பத்திரிகைகள் பழக்கிய பிறகு அந்த விகுதிக்கு ஒரு கசப்பும் ஏறியிருக்கிறது. 'படைப்புவாதமா பரிணாமவாதமா' என்று எழுதிவிட்டால் போதும், படிப்பவர் மனதில் பட்டிமன்ற மேடை தயார்: இரண்டு அணி, சம நேரம், நடுவர் கடைசியில் பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பிவைப்பார். படைப்புவாதிகள் கேட்பதும் அதே சம நேரத்தைத்தான்.

'டார்வினியம்', 'டார்வினியர்' இன்னும் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் காந்தியம், மார்க்சியம், பெரியாரியம் என்று 'இயம்' தமிழில் ஒரு தலைவரின் கொள்கைக்கு நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டு வரலாறு எழுதும்போது டார்வினியம் பொருந்தும். இன்றைய துறைக்குப் பரிணாம உயிரியல், அதில் வேலை செய்கிறவர் பரிணாம உயிரியலாளர். 'இயல்' என்றாலே அது ஆராயும் துறை, யார் நிறுவியது என்ற பேச்சு அதில் இல்லை.

அப்படியானால் படைப்புவாதியை மட்டும் 'வாதி' என்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான் என்பது என் கட்சி. கென்டக்கியில் படைப்பு அருங்காட்சியகம் நடத்தும் 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்' அமைப்பின் நம்பிக்கை அறிக்கையே, வேதவசனத்துக்கு முரணான சான்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் செல்லாது என்கிறது. 2014இல் அதன் தலைவர் கென் ஹாமும், தொலைக்காட்சியில் அறிவியல் சொல்லிப் புகழ்பெற்ற பில் நையும் விவாதித்தபோது, உங்கள் மனதை எது மாற்றும் என்ற கேள்விக்கு நை சொன்ன பதில், சான்று. ஹாம், நான் கிறிஸ்தவன், கடவுளின் வார்த்தை உண்மையில்லை என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது என்ற பொருளில் பேசினார். முடிவை முதலில் வைத்துவிட்டுப் பேசுகிறவருக்கு 'வாதி' சரியான விகுதி. நிலைப்பாட்டை எது உடைக்கும் என்று உயிரியலாளர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்: பாலூட்டிகளே தோன்றாத, கேம்பிரியனுக்கு முந்தைய காலத்துப் பாறையில் ஒரு முயலின் எலும்பு கிடைத்தால் போதும். அதைச் சொன்னவர் ஹால்டேன் என்பார்கள். 1957இல் இந்தியாவுக்கு வந்து தங்கி, 1964இல் புவனேஸ்வரில் இறந்த அதே ஹால்டேன்.

பரிணாமம் என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. வடமொழியில் அதற்கு உருமாற்றம் என்று பொருள். சாங்கிய தத்துவத்தில் மூலப்பொருள் உலகாக மாறுவதைக் குறிக்கும். தனித்தமிழில் படிவளர்ச்சி, படிமலர்ச்சி என்கிறார்கள். 'படி' வந்தாலே ஏணி நினைவுக்கு வரும், கீழ்ப்படியில் குரங்கு, மேல்படியில் நாம். அந்தத் தவறான படத்தை வைத்துத்தான், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாக எழுதிவைக்கவில்லை என்று 2018இல் இங்கே ஒரு மத்திய இணையமைச்சரே பேசினார், நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. இலங்கைப் பாடநூல்களில் இருக்கும் 'கூர்ப்பு' எனக்குப் பிடித்தது. "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல், இருப்பதே மிகுதல் என்ற பொருளில். படியும் இல்லை, ஏணியும் இல்லை. தமிழகத்தில் புழக்கத்துக்கு வருமா என்றால் சந்தேகம்தான், பரிணாமம் இங்கே வேரூன்றிவிட்டது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. படைப்புவாதி எழுதியதைத் தமிழில் தருகிறீர்கள் என்றால் டார்வினிஸ்ட் என்ற சொல்லை மாற்றாதீர்கள், மேற்கோள் குறிக்குள் அப்படியே விடுங்கள். அது அவர் தேர்ந்தெடுத்த சொல், அவர் எதிரே யாரைப் பார்க்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. நீங்களே செய்தி எழுதும்போது உயிரியலாளர்கள் என்று எழுதிவிடுங்கள்.