சஃப்ரஜெட்: ஏளனப் பெயரைத் தமதாக்கிக்கொண்ட பெண்கள்

பொருள்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சட்டத்தை மீறியும் போராடிய பெண்.
தமிழில்: வாக்குரிமைப் போராளி.

மூலம் லத்தீன். 'சஃப்ராஜியம்' என்றால் வாக்கு, வாக்களிக்கும் உரிமை. ஆதரவு என்ற பொருளும் அதற்கு உண்டு. அதிலிருந்து ஆங்கிலத்தில் 'சஃப்ரேஜ்' வந்தது. துன்பத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. வாக்குரிமைக்காக வாதாடியவர், ஆணானாலும் பெண்ணானாலும், 'சஃப்ரஜிஸ்ட்' எனப்பட்டார்.

பிரிட்டனில் இந்தக் கோரிக்கை பழையது. 1832ஆம் ஆண்டின் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வாக்காளரை 'ஆண்' என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 1866இல் சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனுவை ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் கொடுத்தார். 1897இல் மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண் வாக்குரிமைச் சங்கங்கள் ஒன்றிணைந்தன. மனு, கூட்டம், மறுபடி மனு. இதற்கிடையே 1893இலேயே நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். லண்டன் அசையவில்லை.

பொறுமை இழந்த எம்மலின் பாங்கர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் 'பெண்கள் சமூக அரசியல் ஒன்றியம்' தொடங்கினார். 'சொல் வேண்டாம், செயல் வேண்டும்' என்பது அவர்களின் முழக்கம். 1906இல் டெய்லி மெயில் நாளேட்டில் சார்லஸ் ஹேண்ட்ஸ் என்ற செய்தியாளர் இவர்களைக் கேலிசெய்ய, 'சஃப்ரஜிஸ்ட்' என்பதன் வாலை நறுக்கி 'எட்' விகுதியை ஒட்டினார். பிரெஞ்சிலிருந்து வந்த அந்த விகுதி ஒன்றைச் சிறிதாக்கிக் காட்டும். சிகாரைச் சிறிதாக்கினால் சிகரெட். நாட்டின் சட்டத்தையே மாற்றக் கேட்டவர்களை அப்படிச் சில்லறை ஆக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்தக் கேலியை அப்படியே தமிழில் கொண்டுவர வேண்டுமானால் 'ஓட்டுக்காரி' என்றுதான் சொல்ல வேண்டும். சண்டைக்காரி, வேலைக்காரி என்னும்போது அந்தக் 'காரி'யில் ஒட்டியிருக்கும் அலட்சியம் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் பெயரைக் கண்டு கூசவில்லை. எடுத்துச் சூடிக்கொண்டார்கள், 1912இல் தங்கள் பத்திரிகைக்கே அதைப் பெயராக வைத்தார்கள். ஆகவே அவர்களைப் பற்றி எழுதும் நாம் ஏளன விகுதியைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. 'போராளி' ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவான, தலைநிமிர்ந்த சொல். தேவைப்படும் இடத்தில் 'பெண் வாக்குரிமைப் போராளி' என்று விரித்து எழுதலாம். பெண்ணாகிய போராளி, பெண் வாக்குரிமைக்கான போராளி என இருவிதமாகப் பிரித்தாலும் பொருள் கெடாது.

'போராளி' மிகைச்சொல் என்று ஐயப்படுபவர்கள் அவர்கள் பட்டதைப் பார்க்கட்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். தங்களை அரசியல் கைதிகளாக நடத்தக் கோரி 1909இல் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அரசு அவர்களை அமுக்கிப் பிடித்து, மூக்கிலும் தொண்டையிலும் ரப்பர் குழாயைச் செருகி உணவை ஊற்றியது. இதைச் சிகிச்சை என்றது. சித்திரவதை என்பதே சரியான பெயர். 1913இல் புதுச் சட்டம் வந்தது: உண்ணாவிரதத்தில் உடல் தளர்ந்தால் விடுவிப்பார்கள், தேறியதும் மறுபடி பிடிப்பார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பூனை எலிச் சட்டம்'. அதே ஆண்டு ஜூன் 4 அன்று எப்சம் பந்தயத் திடலில் எமிலி டேவிசன் மன்னரின் குதிரைக்கு எதிரே போய் அடிபட்டார். நான்கு நாளில் இறந்தார்.

1918இல் 30 வயதைக் கடந்த, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு வாக்கு கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்களிக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உலகில் வாக்குரிமை கேட்ட பெண்கள் எல்லோரையும் 'சஃப்ரஜெட்' என்று எழுதும் வழக்கம் தமிழில் பரவிவருகிறது. அது பிழை. அமெரிக்கப் பெண்கள் பெரும்பாலும் தங்களை 'சஃப்ரஜிஸ்ட்' என்றே சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பரந்த சொல்லுக்கு 'வாக்குரிமையாளர்' என்பதைவிட 'வாக்குரிமை இயக்கத்தவர்' பொருந்தும். முன்னது வாக்காளரையே குறிப்பதுபோல் ஒலிக்கிறது. சொத்து, கல்வி, சாதி பாராமல் எல்லோருக்கும் வாக்கு என்பது வேறு கருத்து. அதற்கு 'அனைவருக்கும் வாக்குரிமை' என்று எழுதலாம். இலங்கை 1931இல் பெற்றது அதைத்தான்.

இந்த வேறுபாடு சென்னை வரலாற்றுக்கும் உதவும். மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துக்காரர். லண்டன் டௌனிங் தெருவில் ஜன்னல் கண்ணாடி உடைத்துச் சிறை சென்றவர். அவரை வாக்குரிமைப் போராளி என்பது முழுப் பொருத்தம். அவரும் தோழியரும் 1917இல் அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்கு இணையான வாக்குரிமை கேட்டது. இங்கே கல் பறக்கவில்லை. மனுவும் வாதமும் பேசின. இவர்கள் இயக்கத்தவர். 1921இல் சென்னை சட்டமன்றம் வாக்குரிமையில் பெண்களுக்கிருந்த தடையை நீக்கியது. சொத்துத் தகுதி மட்டும் அப்படியே இருந்தது. சில ஆண்டுகளில் முத்துலட்சுமி ரெட்டி அதே மன்றத்தின் துணைத் தலைவரானார்.