எந்தத் துவக்கு? வெடிக்காயத்தோடு வருபவர்களிடம் நாங்கள் ஏன் துருவிக் கேட்கிறோம்

வட இலங்கையின் வன்னிப் பக்கத்து வைத்தியசாலைகளுக்கு இரவில் கொண்டுவரப்படும் காயக்காரரைப் பற்றி உறவினர் முதலில் சொல்வது பெரும்பாலும் “துவக்கு வெடி பட்டிட்டுது” என்பதுதான். சத்திரசிகிச்சைக்குத் தயாராகும் வைத்தியருக்கு அந்தச் சொல் மட்டும் போதாது. “எந்தத் துவக்கு?” என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பலர் பொலிஸ் விசாரணையாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்வியின் விடையில்தான் பல நேரங்களில் ஒரு காலின் கதி தங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்குத் துவக்கு என்றால் தொடங்கு என்னும் வினைதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழில் அது ஆயுதத்தின் பெயர். சிங்களத்தில் துவக்குவ, தெலுங்கில் துபாகி, மலையாளத்தில் தோக்கு, நமது துப்பாக்கி ஆகிய எல்லாமே துருக்கியத் தூஃபெக் என்ற சொல்லின் உறவுகள். 11ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிக்கு அகராதி தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்கரி அதன் பழைய வடிவத்துக்குத் தந்த பொருள், குருவி அடிக்கும் ஊதுகுழல். பின்னர் திரி கொளுத்திச் சுடும் நீண்ட குழலுக்கு அந்தப் பெயர் வந்தது; குழல் மாறியபோதெல்லாம் பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. அதனால் இன்று ஒரே சொல்லின் கீழ், காயத்தைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கைந்து கருவிகள் இருக்கின்றன.

அனுமதிப்பத்திரம் பெற்று வயற்காவலுக்கு வைத்திருக்கும் 12 போர் சொட்கன் ஒரு துவக்கு. அது தூரத்திலிருந்து சுட்டால் சன்னங்கள் என்னும் சிறு ஈயக்குண்டுகள் சிதறித் தோலில் புள்ளி புள்ளியாகப் பதியும். கிட்ட நின்று சுட்டால் எல்லாச் சன்னங்களும் ஒரே துளையால் நுழைந்து, தோட்டாவின் அடைப்பையும் உள்ளே கொண்டுபோகும். இராணுவத்தினர் ஏந்தும் ரி-56உம் துவக்குத்தான். அதன் 7.62 மில்லிமீற்றர் ரவை மிக வேகமாகச் செல்வதால், வெளியே சிறு துளை தெரிந்தாலும் உள்ளே தசை அகலமாக நசிந்திருக்கும். குழல்வாயால் வெடிமருந்தும் ஈயமும் போட்டு இடித்து இறுக்குகிற இடியன் வேறு. உள்ளூரில் செய்து, பெரும்பாலும் அனுமதியில்லாமல் புழங்கும் கல்கட்டாஸ் வேறு. இந்தக் கடைசி வகையில் குழலே வெடித்துப் பிளப்பதுண்டு. அப்போது காயப்படுபவர் சுட்டவர்தான். கையும் கண்ணும் முகமும் போகும்.

எங்களை அதிகம் கலங்கவைப்பது கட்டுத்துவக்கு. காட்டுப்பன்றி வரும் தடத்தில் கம்பியைக் குறுக்கே இழுத்துவிட்டு, தாழ்வாகக் கட்டி வைக்கப்படும் அந்தக் குழலுக்கு ஆள் யார், விலங்கு எது என்று தெரியாது. பன்றியின் உயரத்துக்கு வைத்த குறி, நடந்து போகும் பெரியவருக்கு முழங்காலிலோ தொடையிலோ படுகிறது. விறகு பொறுக்கக் குனிந்தவருக்கும் சிறு பிள்ளைக்கும் வயிற்றிலும் நெஞ்சிலும் படலாம். முழங்காலின் பின்பக்கமாக இறங்கும் இரத்த நாடி அறுந்தால், சுமார் 6 மணித்தியாலத்துக்குள் குருதியோட்டத்தை மீட்காவிட்டால் காலைக் காப்பாற்றுவது மிகக் கடினம். காட்டுக்குள்ளிருந்து தூக்கிவந்து, வாகனம் பிடித்து, ஓர் ஆதார வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவதற்குள் அந்த நேரத்தில் பாதி போய்விடும்.

இப்படிப்பட்ட காயத்தைத் திறக்கும்போது ஈயத்துண்டுகளை மட்டுமா காண்கிறோம்? வெடிமருந்தை இறுக்குவதற்கு அடைத்த தென்னந்தும்பு, சாரத்துணியின் கிழிசல், இரும்புத் துண்டு, மண் எல்லாம் எலும்புச் சிதறல்களோடு கலந்து கிடக்கும். ஈயமும் இரும்பும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். தும்பும் துணியும் பெரும்பாலும் தெரியா. அடைத்து இடித்த துவக்கு என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அவற்றைத் தேடி எடுப்போம், காயத்தை உடனே தைத்து மூடாமல் திறந்தே வைத்து மறுபடி கழுவுவோம். “தடி குத்திப்போட்டுது” என்று சொன்னால், அதை நம்பும் ஓர் இளம் வைத்தியர் சிறு துளையைச் சுத்தம் செய்து தைத்துவிடக்கூடும். உள்ளே தங்கிய தும்பைச் சுற்றிச் சீழ் கட்டி, தசை அழுகி வாயு கட்டும் வாயுவழுகலோ, ஏற்புவலியோ (டெட்டனஸ்) வந்த பிறகு உண்மை வெளிவருவதால் யாருக்கும் பயனில்லை.

பொய் சொல்லக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். மான், மரை வேட்டை வேறொரு குற்றம். வெடிக்காயம் என்றால் பொலிஸுக்கு அறிவிக்கப்படும், சட்ட வைத்திய அதிகாரியும் பார்ப்பார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் சிகிச்சை அந்த நடைமுறைகளுக்காகக் காத்திருப்பதில்லை. துவக்கு யாருடையது என்பது எங்களுக்கு வேண்டாம். என்ன வகை, என்ன போட்டு அடைத்தது, எத்தனை மணிக்கு வெடித்தது என்பவைதான் வேண்டும்.

சம்பவ இடத்தில் இருப்பவர்கள் காயக்காரரிடம் ஓடிப்போவதற்கு முன் சுற்றிலும் பார்க்க வேண்டும், ஏனெனில் கட்டுத்துவக்கு வைப்பவர் ஒன்றோடு நிறுத்துவது அரிது. பிறகு சுத்தமான துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியும் இரத்தம் பாய்ந்தால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; மெல்லிய கயிறும் கம்பியும் கூடாது. கோப்பித்தூள், சாம்பல், மஞ்சள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். சன்னத்தைத் தோண்டி எடுக்கவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும் என்பதால் உண்ணக் குடிக்க எதுவும் கொடாமல், முறிந்த காலை இரண்டு தடிகளுக்கிடையே அசையாமல் கட்டி, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

உடலில் தங்கிவிட்ட சன்னங்கள் எல்லாவற்றையும் நாங்கள் எடுப்பதில்லை. தசைக்குள் கிடக்கும் ஈயம் பெரும்பாலும் தொல்லை தராது. மூட்டுக்குள் இருப்பது கரைந்து இரத்தத்தில் சேரக்கூடும் என்பதால் அதை விட்டுவைப்பதில்லை. உள்ளூர்த் துவக்கால் வந்த காயமென்றால் தங்கியிருப்பது ஈயமல்ல, இரும்பாகவும் இருக்கலாம். ஆகவே பல ஆண்டுகள் கழித்து முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், காந்தம் இரும்பை அசைக்கும் என்பதால், எந்தத் துவக்கால் எந்த இடத்தில் வெடி பட்டது என்பதை அங்குள்ளவரிடம் முதலில் சொல்லிவிட்டு, பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் அதையும் கொடுங்கள்.